மீகாமன் கலை கண்ட நார்பர்ட் வீனர்

கடலிற் செல்லும் மரக்கலத்திற்குப் பாய் வேண்டும், காற்றும் வேண்டும். ஆயினும், இவ்விரண்டும் இருந்தும் மீகாமன் இல்லையேல் அக்கலம் கரை சேராது. மீகாமன் காற்றினும் வலியன் அல்லன். கடலினும் பெரியன் அல்லன். கலம் எத்திசையிற் செல்கின்றது என்பதை நொடிதோறும் நோக்கி, அது வழி பிறழும்போது சுக்கானைத் திருப்பித் திருத்துவதே அவன் தொழில். இச்சிறு தொழிலுள் பேருண்மை ஒன்று அடங்கியிருப்பதைக் கண்டு, அதனைக் கணிதத்தின் துணையால் விளக்கி, உயிர்கட்கும் பொறிகட்கும் மக்கள் சமுதாயத்திற்கும் அவ்வுண்மை பொதுவானது என்று உலகிற்கு உணர்த்தியவர் நார்பர்ட் வீனர் என்னும் அமெரிக்க அறிஞர். மனிதரைப் போலக் கற்கவும் முடிவு செய்யவும் வல்ல பொறிகள் பெருகியுள்ள இக்காலத்தில் அவர்தம் வரலாறு நாம் அனைவரும் அறியத்தக்கது.

பிறப்பும் இளமையும்

வீனர் 1894-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் லியோ வீனர், அந்நாளில் உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்ததும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான பியாலிஸ்டாக் நகரிற் பிறந்தவர். இளமையிலேயே அமெரிக்கா சென்று தம் முயற்சியால் உயர்ந்தவர். பல மொழிகளில் வல்லவர். பின்னர் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் சிலாவிய மொழிகளின் பேராசிரியராக விளங்கியவர். அவர் தம் மகனுக்குத் தாமே ஆசானாக அமைந்தார். அன்பு மிக்க அத்தந்தையார் பாடம் தொடங்கியதும் கண்டிப்பு மிக்க ஆசானாக மாறிவிடுவார். கணக்கில் ஒரு சிறு பிழை நேரினும் கடுஞ்சொல் எழும். அழுகையோடு முடிந்த பாடங்கள் பல.

வீனரின் எட்டாம் வயதில் அவருடைய கண் பார்வை குன்றியது. ஆறு திங்கள் வரை நூல் எதனையும் படித்தலாகாது என மருத்துவர் தடுத்துவிட்டார். கல்வி நின்றுவிடவில்லை. பிறர் வாய்மொழியாகச் சொல்லச் செவியாற் கேட்டு, மனத்தாற் கணக்கிட்டு, நினைவில் நிறுத்தி அவர் கற்றார். கண்ணுக்கு நேர்ந்த குறை கருத்துக்கு வலிமையாயிற்று.

பதினோராம் வயதில், 1906-இல், அவர் டஃப்ட்ஸ் கல்லூரியிற் சேர்ந்தார். 1909-இல், பதினான்கே வயது நிரம்பியிருந்தபோது, பட்டம் பெற்றார். செய்தித்தாள்கள் அச்சிறுவரை வியந்து எழுதின. அப்போது தந்தையார், தம் மகன் பிறவி மேதை அல்லன் என்றும், தாம் பயிற்றிய முறையே அவனை உயர்த்தியது என்றும் எழுத்தில் வெளியிட்டார். அதனைப் பின்னாளிற் படித்த மகனின் உள்ளம் புண்பட்டது. வெற்றி நேர்ந்தால் அது தந்தையாருடையது, தோல்வி நேர்ந்தால் அது தம்முடையது என்பதாக அச்சொல் அவருக்குத் தோன்றியது. பிறர் கருத்துக்கு இயங்கும் கருவியாக ஒருவரைக் கருதுவதில் உள்ள துன்பத்தை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார். மக்களைக் கருவியாக்குதல் ஆகாது என்று பிற்காலத்தில் அவர் வற்புறுத்தியதற்கு இவ்வனுபவமும் ஒரு வித்து எனலாம்.

உயர்கல்வியும் ஆசிரியப் பணியும்

பட்டம் பெற்றபின் விலங்கியல் கற்க ஆர்வர்டு பல்கலைக்கழகம் புகுந்தார். நுண்ணிய ஆய்வுகளுக்கு வேண்டிய கைத்திறனும் கண்ணொளியும் அவர்க்கு வாய்க்கவில்லை. ஆதலின் அத்துறையை விடுத்து மெய்யியலை நாடினார். 1913-இல், பதினெட்டாம் வயதில், கணித அளவையியல் பற்றிய ஆய்வுரைக்காக முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்சில் பெர்ட்ரண்டு ரசலிடமும், செருமனி சென்று கொட்டிங்கனில் கணித மேதை இல்பர்ட்டிடமும் பாடம் கேட்டார்.

முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், அபர்டீன் என்னுமிடத்துப் படைக்கலச் சோதனைக் களத்தில் பீரங்கிகளின் குறி அட்டவணைகளைக் கணக்கிடும் பணியில் ஈடுபட்டார். மறு ஆண்டு, 1919-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணித ஆசிரியராக அமர்ந்தார். ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அக்கழகமே அவர்தம் கல்விக் கூடமாக விளங்கிற்று. கழகத்தின் அருகில் ஓடும் சார்லஸ் ஆற்றின் அலைகளை நோக்கி, ஓயாது மாறும் அவ்வலைகளின் ஒழுங்கைக் கணிதத்தில் அடக்குவது எவ்வாறு என்று அவர் எண்ணியதுண்டு. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓர் ஒழுங்குமின்றி அலைவனபோல் தோன்றும். அவ்வலைவுக்கும் கணித விதி உண்டென அவர் 1920-களில் நிறுவினார். இன்றும் அக்கணிதம் அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது.

போரும் புதிய கருத்தும்

இரண்டாம் உலகப் போரில் வானூர்திகள் நகரங்களின் மீது குண்டு மழை பொழிந்தன. பறக்கும் ஊர்தியைச் சுட்டு வீழ்த்துதல் எளிதன்று. இப்போது அஃது இருக்கும் இடத்தைக் குறி வைத்தால், குண்டு சென்று சேரும் முன்னரே ஊர்தி அவ்விடம் விட்டு அகன்றுவிடும். ஆதலின், சில நொடி கழித்து அது வந்துசேரக்கூடிய இடத்தை முன்கூட்டிக் கணிக்கவேண்டும். வீனரும் சூலியன் பிகிலோ என்னும் பொறியாளரும் இவ்வாய்வில் ஈடுபட்டனர். அவர்கள் அமைக்க முயன்ற கருவி போர்க்களத்துக்குச் செல்லவில்லை. எனினும், அம்முயற்சியினின்று ஒரு பெருங்கருத்துத் தோன்றியது.

குறி வைப்பவனும் ஊர்தி செலுத்துபவனும் ஒரே முறையில் இயங்குகின்றனர் என்பதை அவர்கள் கண்டனர். செயலின் விளைவை நோக்குதல், கருதிய இலக்கிற்கும் நேர்ந்த விளைவிற்கும் உள்ள வேறுபாட்டை அறிதல், அவ்வேறுபாட்டுக்கு ஏற்ப அடுத்த செயலைத் திருத்துதல் ஆகிய மூன்றுமே அம்முறையாகும். இதனை இன்று பின்னூட்டம் என வழங்குகின்றோம்.

உயிர்களின் உடலிலும் இம்முறை உண்டோ என வீனர் ஐயுற்றார். ஆர்த்துரோ ரோசன்புளூத் என்னும் மெக்சிகோ நாட்டு உடலியல் அறிஞர் அவர்தம் நண்பர். அவரை வினவியபோது இருவகை நோயாளரைப் பற்றி அறிய நேர்ந்தது. முதல் வகையினர் முதுகுத் தண்டில் நோய் உற்றவர். அவர்களுடைய கால்களில் வலிமை குன்றவில்லை. ஆனால், கால் எங்கே இருக்கின்றது என்னும் செய்தி மூளைக்கு எட்டுவதில்லை. கண்ணாற் காலை நோக்கிக்கொண்டே நடந்தாலன்றி அவர்கள் தடுமாறுவர். இரண்டாம் வகையினர் சிறுமூளையில் ஊறு பட்டவர். வாளா இருக்கும்போது அவர்களிடம் குறை தெரியாது. ஒரு குவளை நீரை எடுக்கக் கையை நீட்டினாலோ, கை இலக்கைக் கடந்து செல்லும். அதனைத் திருத்த முயன்றால் மறுபுறம் மிகையாகச் செல்லும். இங்ஙனம் கை ஊசலாட, நீர் சிந்திப்போகும். செய்தி வாராவிடினும் கேடு. திருத்தம் அளவு கடந்தாலும் கேடு. நலமுடைய உடல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெறியில் இயங்குகின்றது.

பெயர் சூட்டிய பெருநூல்

இக்கருத்துக்களை எல்லாம் தொகுத்து வீனர் 1948-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலின் பெயர் சைபர்னெட்டிக்ஸ் என்பது. மீகாமனைக் குறிக்கும் பழங்கிரேக்கச் சொல்லினின்று அவர் அப்பெயரை ஆக்கினார். ஆளுதல் என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் இலத்தீன் வழியே அதே கிரேக்கச் சொல்லினின்று பிறந்ததாகும். நீராவிப் பொறியின் விரைவு மிகும்போது நீராவியைக் குறைத்தும், விரைவு குன்றும்போது நீராவியைக் கூட்டியும் தன்னைத் தானே நெறிப்படுத்தும் உறுப்புக்கும் அப்பெயர் உண்டு. மரக்கலம், பொறி, அரசு ஆகிய மூன்றுக்கும் பொதுவாக அமைந்த அச்சொல், வீனரின் கருத்துக்கு நன்கு பொருந்திற்று.

கணிதக் குறிகள் நிரம்பிய அந்நூல், யாரும் எதிர்பாராத வகையில், பொதுமக்களிடையேயும் பரவியது. வீனர் புகழின் உச்சியை அடைந்தார். ஆயினும், அந்நூலின் இறுதிப் பகுதியில் அவர் பெருமிதம் கொள்ளவில்லை, கவலையே கொண்டார். ஒரு சமுதாயம் ஒன்றுபட்டு நிற்பது செய்திகளைப் பெறுதல், காத்தல், பயன்படுத்துதல், பரப்புதல் ஆகியவற்றால் என்பது அவர் முடிவு. சிற்றூரில் ஒருவர் செய்யும் தீமை எல்லார்க்கும் தெரிந்துவிடும். ஊரார் அதனைத் திருத்துவர். பெரிய நாட்டிலோ, செய்தியைப் பரப்பும் கருவிகள் பொருளும் அதிகாரமும் நாடுவோர் சிலர் கையிற் சென்று சேர்தல் கூடும். அந்நிலையில், கோடிக்கணக்கான மக்கள் வாழும் நாடு ஒரு சிற்றூர் அறிந்த அளவுகூடத் தன்னைப்பற்றி அறியாது. கால் வலிமையுடையதாயினும் காலின் செய்தி மூளைக்கு எட்டாத நோயாளியைப் போல அந்நாடு தடுமாறும்.

அறத்தின் வழி நின்றமை

இக்கவலை வெறும் எழுத்தோடு நின்றுவிடவில்லை. 1945-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் சப்பான் நாட்டு இரோசிமா, நாகசாகி நகரங்கள் அணுகுண்டால் அழிந்தன. அறிவியலார் கண்ட உண்மைகள், அவர்கள் கருதாத வழிகளிற் பயன்படுத்தப்பட்டமை வீனரின் உள்ளத்தை வருத்தியது. போர் முடிந்தபின், வானூர்தி செய்யும் நிறுவனம் ஒன்றைச் சார்ந்த அறிஞர் ஒருவர், வீனர் போர்க்காலத்தில் எழுதிய ஆய்வுரையின் படி ஒன்றை வேண்டினார். வழிகாட்டிச் செலுத்தும் ஏவுகணைகளை ஆக்குதற்கு அஃது அவருக்குத் தேவைப்பட்டது. வீனர் தர மறுத்தார். மறுத்து எழுதிய மடலையும் 1947-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஓர் அமெரிக்கத் திங்களிதழில் வெளியிடச் செய்தார். அறிவை வழங்குபவன் அதன் பயனுக்கும் பொறுப்பாளி என்பதும், பொறுப்பற்றோர் கையில் பேராற்றலைத் தாம் வைக்க இசையவில்லை என்பதும் அம்மடலின் சாரம். அதே காலத்தில், கணிப்பொறி அறிஞர்கள் கூடிய ஒரு மாநாட்டில் பேச இசைந்திருந்தவர், அது கடற்படையின் துணையோடு நடைபெறுவது என்பதால் விலகிக்கொண்டார்.

இம்முடிவால் அவர் இழந்தவை பல. படைத்துறையின் பொருளுதவியே அந்நாளைய கணிப்பொறி ஆய்வுக்கு உயிர்நாடி. அதனைத் துறந்தவர், தாமே வித்திட்ட துறையின் பெருமுயற்சிகளினின்று மெல்ல விலகி நிற்க நேர்ந்தது. 1956-இல் டார்ட்மத் கல்லூரியில் இளம் அறிஞர்கள் சிலர் கூடிச் செயற்கை அறிவு என்னும் பெயரால் புதிய துறையைத் தொடங்கியபோது, வீனர் அக்கூட்டத்தில் இல்லை. அதற்காக அவர் தம் கொள்கையைத் தளர்த்திக்கொள்ளவும் இல்லை.

தொழிலாளர்பால் கொண்ட பரிவு

கணிப்பொறிகள் தொழிற்சாலைகளிற் புகுந்தால் தொழிலாளர் நிலை என்னாகும் என்பது வீனரின் அடுத்த கவலை. நீராவிப் பொறி மனிதனின் கைவலிமைக்குப் போட்டியாக வந்தது. புதிய பொறியோ மனிதனின் எளிய அறிவுத் தொழில்களுக்கும் போட்டியாக வரும் என அவர் உணர்ந்தார். தானே இயங்கும் தொழிற்சாலை அமைக்க அறிவுரை கூறுமாறு ஒரு தொழில் நிறுவனம் அவரை நாடிற்று. அவர் உடன்படவில்லை. மாறாக, 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்க மோட்டார் வாகனத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகிய வால்ட்டர் ராய்த்தருக்கு ஒரு மடல் வரைந்தார். இத்தகைய பொறிகள் வரவிருக்கின்றன. பத்து இருபது ஆண்டுகளில் பெருமளவில் வேலையின்மை நேரலாம். தொழிலாளர் சங்கம் இப்போதே ஆராய்ந்து ஆவன செய்தல் வேண்டும் என்று எச்சரித்தார். ராய்த்தர் உடனே தந்தி வாயிலாக விடை விடுத்தார்.

வீனர் குறித்த கால அளவுக்குள் அவர் அஞ்சிய அளவு வேலையின்மை வந்துவிடவில்லை. அவ்வகையில் அவர் கணிப்புப் பிழைத்தது. ஆயினும், செயலின் விளைவு யாரைத் தாக்குமோ, அவர்க்கு அதனை முன்னரே அறிவித்து, அவர் குரலையும் கேட்டல் வேண்டும் என்னும் நெறி பிழையானதன்று.

ஆளும் பொறியும் ஆளப்படும் மக்களும்

சைபர்னெட்டிக்ஸ் நூல் வெளிவந்த ஆண்டின் இறுதியில், பிரெஞ்சு நாட்டுத் துறவி ஒருவர் பாரிசு நாளிதழில் அந்நூலை ஆராய்ந்து எழுதினார். துபார்ல் என்பது அவர் பெயர். ஒரு நாள் நாட்டையே ஆளும் பொறியும் தோன்றுமோ என்று அவர் வினவினார். மக்களைப்பற்றிய செய்திகளை எல்லாம் திரட்டி, அவர்கள் எவ்வாறு நடப்பர் என முன்கூட்டிக் கணித்து, அதற்கேற்ப ஆளும் பொறி அது.

இவ்வினாவை வீனர் புறக்கணிக்கவில்லை. பொதுமக்களுக்கென 1950-இல் எழுதிய நூலில் அதற்கு விடை கூறினார். மக்களை மக்களாக நடத்துவது எவ்வாறு என்பதே அந்நூலின் பொருள். பொறி தானே எழுந்து அரியணை ஏறும் என்று அவர் அஞ்சவில்லை. மக்களுள் ஒரு சிலர் அப்பொறியைக் கைக்கொண்டு ஏனையோரை அடக்குதல் கூடும் என்றே அஞ்சினார். பொறியே இல்லாவிடினும், மக்களை எண்ணிக்கையாகவும் பண்டமாகவும் கருதி, அவர்தம் குரலுக்குச் செவி சாய்க்காது ஆளும் ஆட்சி, பொறியின் ஆட்சியே ஆகும் என அவர் கருதினார். மனிதனை எறும்பாக்க முயலும் ஆட்சி, கற்றலும் மாறுதலும் உடைய மனித இயல்பையே வீணாக்குகின்றது என்பது அவர் துணிபு.

சட்டம் பற்றியும் அந்நூலில் ஆராய்ந்தார். ஒருவன் வழக்காடு மன்றம் ஏறுமுன்னரே தன் உரிமை யாது, கடமை யாது என்று அறிந்துகொள்ளும் வகையில் சட்டம் தெளிவாக இருத்தல் வேண்டும் என்றார். காரணம் விளங்காத தீர்ப்பு, அது மனிதன் வழங்கியதாயினும் பொறி வழங்கியதாயினும், குடிமகனைக் குருடனாக்கும். மறைபொருள் பெருகிய நாடு பகைவனைக் குருடாக்குவதினும் தன்னையே குருடாக்கிக்கொள்கின்றது என்பதும் அவர் கருத்து.

அவ்வாண்டுகளில் இதற்குச் சான்றுகள் இருபுறமும் தோன்றின. சோவியத்து நாட்டில், 1950-களின் தொடக்கத்தில், சைபர்னெட்டிக்ஸ் போலி அறிவியல் எனப் பழிக்கப்பட்டது. சில ஆண்டுகட்குப்பின் அந்நாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டது; 1960-இல் வீனரே மாஸ்கோ சென்றார். மறுபுறம், அமெரிக்காவில் பொதுவுடைமை அச்சம் மேலோங்கி, அறிஞர் பலர் ஐயத்திற்கு ஆளாயினர். வீனரின் கழகத்தில் பணியாற்றிய கணிதப் பேராசிரியர் தர்க் ஸ்ட்ரூயிக் 1951-இல் அரசுக்கு எதிராகச் சூழ்ச்சி செய்தார் எனக் குற்றஞ்சாட்டப்பட்டார். வீனர் அவர் பக்கம் நின்றார். 1956-இல் அக்குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. எக்கொள்கை உடைய நாடாயினும், மாற்றுக் கருத்தை அடைக்கும்போது தன் கண்ணையே மூடிக்கொள்கின்றது என்பதை இவை உணர்த்தும்.

குரங்கின் கை கூறும் பாடம்

வீனர் அடிக்கடி எடுத்துக்காட்டிய கதை ஒன்று உண்டு. அஃது ஆங்கில எழுத்தாளர் சேக்கப்ஸ் எழுதியது. மந்திர ஆற்றல் உடைய உலர்ந்த குரங்கின் கை ஒன்று ஒரு முதியவர்க்குக் கிடைக்கின்றது. அது மூன்று வேண்டுகோளை நிறைவேற்றும். முதியவர் இருநூறு பவுன் பணம் வேண்டுகின்றார். மறுநாள் பணம் வருகின்றது. ஆனால், தொழிற்சாலைப் பொறியிற் சிக்கி அவருடைய மகன் மாண்டதற்கு ஈடாகவே அப்பணம் வருகின்றது. கை பொய் சொல்லவில்லை, கேட்டதைத் தந்தது. அவர் உள்ளத்தில் கருதியதை அஃது அறியாது.

பொறியும் இவ்வாறே நாம் கருதியதை விடுத்து நாம் கூறியதைச் செய்யும் என்று வீனர் எச்சரித்தார். இதனை 1960-இல் அறிவியல் இதழ் ஒன்றில் விரிவாக எழுதினார். ஆர்தர் சாமுவேல் என்பவர் ஆக்கிய கணிப்பொறித் திட்டம், பலகைக் காய் ஆட்டத்தைத் தானே பயின்று, தன்னை ஆக்கியவரையே வெல்லும் திறம் பெற்றிருந்தது. கற்கும் பொறி ஆக்கியவனின் எதிர்பார்ப்பைக் கடக்கும் என்பதற்கு அஃது ஒரு சான்று. பொறி மிக விரைவில் இயங்குவது. மனிதன் மெல்ல எண்ணுபவன். தீமை விளைவதை நாம் உணர்ந்து தடுக்க முற்படும்போது செயல் முடிந்துவிட்டிருக்கும். ஆதலின், பொறிக்கு நாம் இடும் இலக்கு நாம் உண்மையில் விரும்பும் இலக்கேதானா என்று முன்னரே தெளிதல் வேண்டும் என்றார்.

சாமுவேல் இதனை ஏற்கவில்லை. பொறிக்குத் தனி விருப்பம் ஏதும் இல்லை என்றும், மனிதன் இட்டதையன்றி அது வேறொன்றும் செய்யாது என்றும் அதே ஆண்டில் அதே இதழில் மறுத்து எழுதினார். பொறியை ஆக்கியவரும் அதனை ஐயுற்றவரும் உலகறிய வாதிட்டனர். இருவர் கூற்றையும் கற்றோர் ஆராய்ந்து தெளியலாயினர். இத்தகைய வாதம் நிகழ இடம் தருவதே திறந்த சமுதாயத்தின் சிறப்பு.

இந்தியத் தொடர்பும் இறுதி நாள்களும்

வீனர்க்கு நம் நாட்டோடும் தொடர்பு உண்டு. 1954-ஆம் ஆண்டு சனவரியில் ஐதராபாத்தில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு வந்தார். மீண்டும் 1955-56-இல், பேராசிரியர் மகலனோபிசு நிறுவிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சில திங்கள் தங்கிப் பாடம் சொன்னார்.

1964-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் சான்சன் அவருக்குத் தேசிய அறிவியல் பதக்கம் வழங்கினார். அதே ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள், சுவீடன் நாட்டு ஸ்டாக்கோம் நகரில், வீனர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்பது. கற்கும் பொறிகளும் மனித அறமும் பற்றி அவர் எழுதிய இறுதி நூல் அவ்வாண்டே வெளிவந்தது. மறு ஆண்டு அந்நூலுக்கு அமெரிக்கத் தேசிய நூற்பரிசு கிடைத்தது. மனிதனுக்கு உரியவற்றை மனிதனிடமும், பொறிக்கு உரியவற்றைப் பொறியிடமும் விடுக என்பதே அந்நூல் வழங்கும் அறிவுரை.

முடிவுரை

வீனர் மறைந்து அறுபது ஆண்டுகட்கு மேலாயின. இன்று கட்டுரை வரையும் பொறியும், ஓவியம் தீட்டும் பொறியும், கடன் வேண்டுவோரின் தகுதியை மதிப்பிடும் பொறியும் உலகில் உள. அவற்றால் விளையும் நன்மையை மறுத்தல் அறிவுடைமை ஆகாது. வீனரும் பொறிகளைப் பகைத்தவர் அல்லர்; அவற்றின் பிறப்பிற்குத் துணை நின்றவரே ஆவார். இழந்த கேள்வியையும் உறுப்பையும் மனிதனுக்கு ஈடுசெய்ய அவை உதவும் என்று முயன்றவரும் அவரே.

ஆயின், பொறியின் இலக்கை வகுத்தவர் யார்? அதன் தீர்ப்பால் தாக்குண்டவர் முறையிட இடம் உண்டா? பிழை நேர்ந்தால் அதனைக் கண்டு திருத்துவார் உளரா? இவ்வினாக்கள் கணிப்பொறிக் கூடத்திலே விடை காணத்தக்கன அல்ல. நடுவுநிலை பிறழாத வழக்காடு மன்றம், அஞ்சாது எழுதும் செய்தித்தாள், மாற்றுக் கருத்தை மதிக்கும் பல்கலைக்கழகம், தொழிலாளர் குரலைத் தாங்கும் சங்கம், ஆள்வோரை மாற்றும் உரிமையை மக்களுக்கு வழங்கும் தேர்தல் ஆகியவையே விடை காணும் இடங்கள். இவை நாட்டின் கண்ணும் செவியும் போன்றவை. தம் ஆட்சியின் விளைவை ஆள்வோர் அறிவது இவற்றின் வழியேதான். இடித்துரைக்கும் துணையின் அருமையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அத்துணை பொறியின் காலத்திற்கும் இன்றியமையாதது என்று காட்டியவர் வீனர்.

காற்று எவ்வளவு வலிதாயினும் சுக்கானை விட்டகலாத மீகாமனே கலத்தைக் காப்பான். புதிய பொறிகள் தரும் விரைவு நம் மரக்கலத்திற்குக் கிடைத்த பெருங்காற்று. அக்கலத்தின் சுக்கான் என்றும் மக்கள் கையிலேயே இருத்தல் வேண்டும். கேட்டறியும் செவியும், பிழை கண்டால் ஒப்பித் திருத்தும் உள்ளமும் உடைய குடிமக்களாக மாணவர் வளர்தலே, அவ்வறிஞர்க்கு நாம் செய்யும் நன்றியாகும்.